ரேடியோ 1 பிக் வீக்கெண்ட்: உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை கொடுப்பது நியாயமா?

லூட்டன்_அம்மா

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் குரோய்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆரம்பித்த பேச்சு இது. சாப்பாடு முடிந்தும் பேச்சு முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

பிபிசி ரேடியோ 1 வருடா வருடம் மே மாதக் கடைசியில் பிக் வீக்கெண்ட் என்ற இசை விழாவை நடத்துகிறது. ஒரே இடத்தில் நடத்துவதில்லை, ஆண்டுக்கு ஓர் ஊர். 2024ல் எங்கள் ஊரான லூட்டனுக்கு வந்தது, மே 24 முதல் 26 வரை, ஸ்டாக்வுட் பூங்காவில். டிக்கெட்டில் பெரும்பகுதியை லூட்டனுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் ஒதுக்கினார்கள். நாட்டின் மற்ற ஊர்களுக்கெல்லாம் சேர்த்து மிச்சம் கொஞ்சம்தான். எங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத்தான் எனக்கும் என் பெண்ணுக்கும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கினேன்.

விருந்தில் என் சொந்தக்காரர் ஒருவர், "வானொலியே கேட்காத உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும், தினமும் கேட்கிற எனக்குக் கிடைக்காதா?" என்று கேட்டார். அந்த இடத்தில் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது வந்தது.

லூட்டன் என்றதும் எல்லோருக்கும் விமான நிலையம்தான் ஞாபகம் வரும். விமானத்தைப் பிடிக்க வருவார்கள், போய்விடுவார்கள். என் பெண் பள்ளித் தோழிகளோடு இசை நிகழ்ச்சி என்று கிளம்பினால் லண்டனுக்குத்தான் ரயில் ஏற வேண்டும். பாதி ராத்திரியில் நான் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வாரம் மட்டும் எல்லாம் தலைகீழ். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எங்கள் தெருவில் நின்று என் பெண்ணிடம் வழி கேட்டார்கள். அவளும் இந்த ஊரே தன்னுடையது என்பதுபோல் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

இன்னொன்று. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால்தான் லூட்டன் டவுன் கால்பந்து அணி நாட்டின் மேல்மட்டப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியிருந்தது. ஊரே சோர்ந்துபோய் இருந்தது. ஞாயிறு இரவு கோல்ட்ப்ளே குழு. நடுவில் அதன் பாடகர் கிறிஸ் மார்ட்டின் எங்கள் அணியின் ஆரஞ்சு நிறத்தை வைத்தே ஒரு பாட்டுப் பாடினார். எனக்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெரியவர், அறுபது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். டிக்கெட் எல்லாம் லண்டன்காரர்கள் கைக்குப் போயிருந்தால் அந்தப் பாட்டு யாருக்கு?

என் கட்சி இதுதான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குரோய்டன்காரன்

விருந்தில் கேட்டவன் நான்தான். அக்கா சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பிபிசிக்குப் பணம் லைசென்ஸ் கட்டணத்தில் இருந்து வருகிறது. 2024ல் அது வருடத்துக்கு 169.50 பவுண்ட். லூட்டன்காரருக்கும் அதே தொகை, எனக்கும் அதே தொகை. எனக்கு மட்டும் கதவு பாதிதான் திறக்கும் என்றால் எப்படி? 2015ல் நாரிச்சுக்கு முயன்றேன். டெய்லர் ஸ்விஃப்ட், ஃபூ ஃபைட்டர்ஸ், மியூஸ் எல்லாம் ஒரே வார இறுதியில். கிடைக்கவில்லை. 2016ல் எக்சிடர் பக்கம் பவுடர்ஹாம் கோட்டை, கோல்ட்ப்ளே. அதுவும் இல்லை. 2019ல் மிடில்ஸ்பரோவுக்கு முயன்றதோடு விட்டுவிட்டேன்.

லண்டனில் எல்லாம் நடக்கிறதே, உனக்கென்ன குறை என்பார்கள். நடக்கிறதுதான், டிக்கெட் விலை என்ன தெரியுமா? இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெரிய கச்சேரிக்குப் போனால் அந்த மாத மளிகைக் காசு காலி. இந்த விழா ஒரு காலத்தில் முழுக்க இலவசம், இன்றைக்கும் மற்ற விழாக்களோடு ஒப்பிட்டால் மலிவு. லண்டனுக்கு வந்தது 2012ல் ஒரே முறை, ஹாக்னியில். அப்போதும் ஹாக்னிக்கும் பக்கத்துப் பகுதிகளுக்கும்தான் முதலிடம். லண்டனில் இருப்பதாலேயே ஒருவன் பணக்காரன் ஆகிவிடுவதில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

பழைய_டிரான்சிஸ்டர்

தம்பி, ஒரு சின்னத் திருத்தம். இந்த நாட்டில் வானொலி கேட்க லைசென்ஸ் 1971லேயே எடுத்துவிட்டார்கள். நீங்கள் கட்டுவது தொலைக்காட்சிக்கும் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயருக்கும். ஆனாலும் அந்தக் காசில்தான் ரேடியோ 1 ஓடுகிறது, அந்த அளவில் உங்கள் கேள்வி சரி.

நான் 1974ல் இந்த நாட்டுக்கு வந்தவன். உள்ளூர் முன்னுரிமை புதிதாக யாரோ யோசித்த ஏற்பாடு இல்லை. ஊர் ஊராகப் போவது இந்த நிலையத்துக்கு ஆரம்பத்திலேயே வந்த பழக்கம். ரேடியோ 1 தொடங்கியது 1967 செப்டம்பர் 30. ஆறு வருடத்தில், 1973 கோடையில், ரோட்ஷோவைத் தொடங்கினார்கள். முதல் இடம் கார்ன்வாலில் நியூகி, முதல் அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீமன். ஒரு பக்கம் திறந்தால் மேடையாகிற வண்டி ஒன்று. அதை இழுத்துக்கொண்டு கோடை முழுவதும் கடற்கரை ஊர்களைச் சுற்றினார்கள். காலையில் ஓர் ஊரில் நேரடி ஒலிபரப்பு, முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

நான் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், தென்கரையில். பாட்டின் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிப் போட்டு எது எந்தப் பாட்டு என்று கேட்பார்கள், "பிட்ஸ் அண்ட் பீசஸ்" என்று பெயர். வண்டி முந்தின ஊரிலிருந்து எத்தனை மைல் ஓடி வந்தது என்று ஊகிக்க ஒரு போட்டியும் உண்டு. வென்றால் சட்டை, குவளை, ஒட்டுத்தாள். அந்த வட்ட ஒட்டுத்தாள் ஒன்று என் பழைய வானொலிப் பெட்டியின் முதுகில் இன்னும் இருக்கிறது. மஞ்சள் வெளுத்துவிட்டது, எழுத்து மட்டும் தெரிகிறது. அன்று கூட்டத்தில் தமிழ் முகம் என்னுடையது மட்டும்தான். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி குடைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1975ல் மல்லரி பார்க் மோட்டார் பந்தயத் திடலில் ரேடியோ 1 ஒரு கொண்டாட்டம் வைத்தது. பே சிட்டி ரோலர்ஸ் பாப் குழுவை ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவில் பத்திரமாக வைத்தார்கள். ரசிகைகள் ஏரியில் குதித்து நீந்தத் தொடங்கிவிட்டார்கள். ரேடியோ 1 அறிவிப்பாளர் ஜான் பீல் இதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ரோட்ஷோ 1999ல் முடிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து "ஒன் பிக் சண்டே" என்று ஒரு நாள் நிகழ்ச்சிகள். 2003ல் அது இரண்டு நாளாகி "ஒன் பிக் வீக்கெண்ட்" ஆனது, மான்செஸ்டர் ஹீட்டன் பூங்காவில். 2005ல் சண்டர்லாந்தில் நடந்ததிலிருந்து ஆண்டுக்கு ஒரு பெரிய விழா என்று நிலைத்தது. பிறகு டண்டீ, பிரஸ்டன், மெய்ட்ஸ்டன், ஸ்விண்டன், வேல்ஸில் பாங்கர் பக்கம், கார்லைல். இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உலகச் சுற்றுப்பயணம் போகிற எந்தப் பாடகர் இந்த ஊர்களில் வண்டியை நிறுத்துவார்? 2008ல் மெய்ட்ஸ்டன் மோட் பூங்காவில் மடோனா பாடினார். 2011ல் கார்லைல் விமான நிலையத்தில் லேடி காகா சவப்பெட்டிக்குள் படுத்தபடி மேடைக்கு வந்தார். கார்லைலில்! டிக்கெட்டைப் பொதுவில் விட்டிருந்தால் லண்டனிலிருந்து தனி ரயில் விட்டு வந்திருப்பார்கள், கார்லைல் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கும்.

ஒலிமேசை

நான் மேடை ஒலி வேலை செய்பவன். பல விழாக்களில் வேலை செய்திருக்கிறேன், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். வானொலி நடத்தும் விழாவுக்கும் மற்ற விழாக்களுக்கும் வேலையில் என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்வதில்லை, அதைச் சொல்கிறேன்.

சாதாரண விழாவில் மேடை மைக்கிலிருந்து வரும் ஒலி இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று கூட்டத்துக்கு நடுவில் கூடாரம் போட்டு வைத்திருக்கும் ஒலிமேசை, இன்னொன்று பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்காக மேடை ஓரத்தில் இருக்கும் மேசை. ஒலிபரப்பு இருந்தால் மூன்றாவதாக ஒரு கிளை பிரியும், மேடைக்குப் பின்னால் நிற்கும் ஒலிபரப்பு வண்டிக்கு. அங்கே வேறொருவர் முற்றிலும் வேறு கலவை போடுவார். மைதானத்தில் டிரம்ஸ் தானாகவே காதுக்கு வந்துவிடும், அதனால் நாங்கள் குரலைத் தூக்குவோம். வண்டிக்குள் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. காரிலும் சமையலறையிலும் கேட்பவருக்கு எல்லாமே அவர் விரல் வழியாகத்தான் போக வேண்டும். கூட்டத்தின் சத்தத்துக்கென்றே தனி மைக் வைத்து, அதையும் அளவாகக் கலக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆளில்லாத கொட்டகையில் பாடுவதுபோல் இருக்கும்.

அப்புறம் நேரம். மற்ற விழாவில் பத்து நிமிடம் தாமதம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கடிகாரம்தான் முதலாளி. ஒரு மேடையில் பாட்டு முடியும்போது மற்ற மேடை தயாராக நிற்க வேண்டும், நடுவில் அறிவிப்பாளர் பேசுகிற நேரமும் எண்ணியதுதான். அதனால்தான் பாடகர்களுக்குக் குறைந்த நேரம், பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள். "முழுக் கச்சேரி இல்லையே" என்று குறைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாராவது மேடையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டால் அறிவிப்பாளர் உடனே நேயர்களிடம் மன்னிப்புக் கேட்பார், கவனித்திருப்பீர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குரோய்டன் தம்பி, அந்த மூன்றாவது கிளை உங்களுக்காகப் போவது. மைதானத்தில் நிற்பவர் உள்ளூர்க்காரர், ஆனால் விழா நடப்பது நாடு முழுவதற்கும். வானொலி, ஐபிளேயர் என்று நேரடியாக வந்துவிடுகிறது. கூட்டம் தன் ஊர் என்ற உரிமையோடு கத்தினால் அது ஒலிபரப்பிலும் கேட்கும். நான் வேலை பார்த்த இடங்களில், வெளியூரிலிருந்து வந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் கூட்டத்துக்கும், பக்கத்துத் தெருவிலிருந்து குடும்பத்தோடு வந்த கூட்டத்துக்கும் மீட்டரிலேயே வித்தியாசம் தெரியும்.

குரோய்டன்காரன்

அண்ணா, தொழில் விவரத்துக்கு நன்றி, இது எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் கேட்பதும் அங்கே நிற்பதும் ஒன்று என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

பாலத்துக்கு_அப்பால்

ஓம், நான் இதை வாசித்துப்போட்டு எழுதாமல் இருக்க ஏலவில்லை. கொஞ்சம் நீளமாகக் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் வட அயர்லாந்தில் தாதியாக வேலை செய்கிறேன். 2013ல் டெரியில் இருந்தேன். அந்த வருடம் அந்த ஊர் ஐக்கிய இராச்சியத்தின் கலாசார நகரம், பிக் வீக்கெண்ட் அங்கேதான் வந்தது, மே 24 முதல் 26 வரை. நடந்த இடம் எப்ரிங்டன் சதுக்கம். அந்த இடத்தின் கதை தெரியாமல் அந்த விழாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

எப்ரிங்டன் முன்னம் பிரித்தானிய இராணுவ முகாம். விழா நடந்த சதுக்கம் இராணுவம் அணிவகுத்த திடல். ஃபாய்ல் ஆற்றின் ஒரு கரையில் முகாம், மறுகரையில் பழைய மதில் நகரம். ஆறு நிலத்தை மட்டும் பிரித்துக்கொண்டு ஓடவில்லை, கத்தோலிக்கர், புரொட்டஸ்தாந்தர் என்று சனத்தையும் பிரித்துக்கொண்டுதான் ஓடியது. ஊருக்குப் பெயர் வைப்பதிலேயே இரண்டு பக்கம்: ஒருவருக்கு டெரி, மற்றவருக்கு லண்டன்டெரி. இராணுவம் போன பிறகு 2011ல் அந்த ஆற்றுக்கு மேலே அமைதிப் பாலம் என்று நடந்துபோகிற பாலம் ஒன்று கட்டினார்கள். வளைந்து வளைந்து போகும், சரியான வடிவு.

அந்த வார இறுதியில் ஒரு நாள் நான் இரவு வேலை முடித்து, கொஞ்சம் நித்திரை கொண்டுவிட்டு, பின்னேரம் பாலத்தால் நடந்து போனேன். பாலம் முழுக்கப் பிள்ளைகள். முகத்தில் மினுமினுப்புப் பூசி, மழைச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பக்கம் என்று தெரியாமல் கலந்து போகினம். என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். "சின்ன வயசில் அந்த மதிலுக்குக் கிட்டப் போகவே அம்மா விடமாட்டா" என்றார். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இராணுவ முகாமுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் ஓடி வளர்ந்தவள். முகாமின் திடல் ஒன்றில் நின்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு புரூனோ மார்ஸ் பாட்டுக் கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பாட்டுக்காக இல்லை.

அந்த ஊருக்கும் இந்த வானொலிக்கும் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. 1978ல் டெரிப் பிள்ளைகள் த அண்டர்டோன்ஸ் போட்ட முதல் பாட்டை ஜான் பீல் ரேடியோ 1ல் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். ஊரில் குண்டுச் சத்தம் கேட்ட காலத்தில், இந்த ஊரின் பெயர் செய்திக்கு வெளியில் ஒரு பாட்டுக்காகச் சொல்லப்பட்டது. அந்த அக்காவுக்கு அது இன்றைக்கும் பெருமை.

குரோய்டன் தம்பி, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் அந்தத் திடலில் யார் நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்த ஆற்றைக் கடக்கப் பயந்த ஆட்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். நான் நின்றதே கூடுதல் என்று நினைக்கிறேன்.

லூட்டன்_அம்மா

அக்கா, இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி.

குரோய்டன்காரன்

அக்கா, டெரிக்கு நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. அந்த இடத்துக்கு அது முழுக்க நியாயம்.

ஆனால் ஒன்று. டெரிக்கு 2004லும் வந்திருக்கிறது. டண்டீக்கு 2006, 2023. கவென்ட்ரிக்கு 2018ல் பிபிசியின் பிக்கஸ்ட் வீக்கெண்ட் வந்தது, 2022ல் பிக் வீக்கெண்ட், இரண்டு முறையும் அதே போர் நினைவுப் பூங்கா. ஒரே ஊருக்கு இரண்டு முறை போகும்போது, ஒரு முறைகூட வராத ஊர்கள் எத்தனை? பெரிய பூங்கா இருக்க வேண்டும், உள்ளாட்சி மன்றம் ஒத்துழைக்க வேண்டும், ரயில் வசதி வேண்டும். இதெல்லாம் இல்லாத சின்ன ஊர்ப் பிள்ளைக்கு அஞ்சல் குறியீடும் உதவாது, பொது ஒதுக்கீடும் உதவாது. உள்ளூர்க்காரர் என்கிற கோடு அங்கே யாரைக் காப்பாற்றுகிறது?

டண்டீ_தோழி

டண்டீக்கு இரண்டு முறை என்று எழுதியிருந்ததால் வந்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2020 மே மாதம் கேம்பர்டவுன் பூங்காவில் நடக்க வேண்டியது. அறிவிப்பெல்லாம் வந்துவிட்டது. பிறகு கொரோனா, எல்லாம் நின்றது. பாடகர்கள் அவரவர் வீட்டிலிருந்து பாட, இணையத்தில் ஒரு விழா நடத்தினார்கள். அப்போது என் மகனுக்கு 14 வயது. அறிவிப்பு வந்த அன்று காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். ஊரடங்கு நாட்களில் அந்தக் காலண்டரைத் திருப்பவே இல்லை, அந்த மே மாதப் பக்கம் குளிர்காலம் வரை சமையலறைச் சுவரில் தொங்கியது.

2023ல் திரும்ப வந்தார்கள், அதே பூங்காவுக்கு. அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, வேறு எத்தனையோ ஊர் இருந்தது. மகனுக்கு அப்போது 17. என்னோடு வர வெட்கப்படும் வயது, ஆனால் வந்தான். லூயிஸ் கபால்டி பாடினார். ஸ்காட்லாந்துப் பையன், எங்கள் பேச்சு வழக்கிலேயே கூட்டத்தோடு பேசினார். இதை இரண்டாம் முறை என்று கணக்கு வைக்காதீர்கள். நின்றுபோன ஒன்றை வந்து முடித்துக் கொடுத்தார்கள்.

ஒரு கூடுதல் தகவல்: அந்தப் பூங்காவுக்குள்ளேயே ஒரு வனவிலங்கு மையம் இருக்கிறது. கரடி, ஓநாய் எல்லாம் உண்டு. இவ்வளவு சத்தத்தில் அவை என்ன பாடுபட்டன என்று மகன் வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தான். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மெல்பன்_மாமா

சின்ன ஊர் பற்றிய கேள்விக்கு இங்கிருந்து ஓர் உதாரணம்.

ஆஸ்திரேலியாவில் டிரிபிள் ஜே என்று, பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் இளைஞர் வானொலி இருக்கிறது. அவர்கள் 2004லிருந்து "ஒன் நைட் ஸ்டாண்ட்" என்று ஒன்று நடத்துகிறார்கள். தலைநகரங்கள் பக்கமே போவதில்லை, நாட்டுப்புற ஊர்கள்தான். முதல் நிகழ்ச்சி விக்டோரியாவில் நாட்டிமுக் என்ற ஊரில். கோதுமை வயல்கள், பக்கத்தில் பாறை ஏறுகிறவர்கள் போகும் ஒரு மலை, அவ்வளவுதான். பிறகு டம்பி பே, டப்போ, சுரங்க ஊரான மவுண்ட் ஐசா, டாஸ்மேனியாவில் செயின்ட் ஹெலன்ஸ், லூசிண்டேல் என்று போனார்கள். 2019க்குப் பிறகு நின்றது, 2024ல் வார்னம்பூலில் மறுபடி தொடங்கியது.

அங்கே வேலை வேறு விதம். "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று ஊரே கேட்க வேண்டும். எங்களிடம் மைதானம் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, மன்றம் சம்மதிக்கிறது என்று ஊர்க்காரர்கள் கூடி எழுதுவார்கள். கிடைக்காவிட்டாலும், எழுதுகிற சாக்கில் ஊர் ஒன்றுகூடிவிடும். குரோய்டன்காரர் கேட்பதற்கு இதுதான் வழி என்று எனக்குப் படுகிறது. டிக்கெட் கோட்டை அழிக்க வேண்டாம், ஊர்ப் பட்டியலை நீட்டச் சொல்லுங்கள்.

பூங்கா_நடைப்பயணி

எல்லோரும் விழாவுக்கு உள்ளே இருந்து பேசுகிறீர்கள். வேலிக்கு வெளியிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் (பெயர் வேண்டாம், இந்த விழாவும் இல்லை) ஒரு கோடைக் கச்சேரிக்காகப் பூங்காவை அடைத்தார்கள். மேடை கட்ட, பிரிக்க, புல்லுக்கு ஓய்வு கொடுக்க என்று வாரக்கணக்கில் போனது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தினமும் நடக்கச் சொல்லியிருந்த சமயம் அது. சாலையோரமாக நடந்தேன். லாரி ஓடிய தடத்தில் அடுத்த வசந்தம் வரை புல் முளைக்கவில்லை.

பூங்காவைக் கொடுப்பவர் உள்ளூர்க்காரர், சத்தத்தையும் குப்பையையும் பொறுப்பவர் உள்ளூர்க்காரர். டிக்கெட்டாவது அவருக்கு முதலில் கிடைக்கட்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஹல்_பழைய_மாணவன்

2017ல் ஹல்லில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஹல் கலாசார நகரம். விழா மே 27, 28ல், ஊருக்கு வெளியே பர்டன் கான்ஸ்டபிள் மாளிகைத் திடலில்.

அதற்கு ஐந்து நாள் முன்னால், 22ஆம் தேதி, மான்செஸ்டர் அரங்கத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். இசை கேட்க வந்த பிள்ளைகளும் பெற்றோரும். விழா நடக்குமா என்றே தெரியவில்லை. பாதுகாப்பைப் பலப்படுத்தி நடத்தினார்கள். நுழைவாயிலில் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. சோதனை செய்த பெண் ஒவ்வொருவரிடமும் "வந்ததற்கு நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகளின் தோளில் வைத்த கையை உள்ளே போகும் வரை எடுக்கவே இல்லை. கேட்டி பெரி மேடையில் மான்செஸ்டரைப் பற்றிப் பேசியபோது அத்தனை பெரிய திடல் அமைதியானது.

என் விடுதி நண்பர்கள் சிலர் கடைசி நேரத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள், வீட்டில் பயந்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். தங்கள் ஊருக்கு வந்த விழாவைக் காலியாக விடக் கூடாது என்று வந்தார்கள். நான் டிக்கெட் வாங்கியதும் மாணவர் விடுதியின் அஞ்சல் குறியீட்டில்தான். மூன்று வருடம் அங்கே இருந்தேன், அந்த வாரம்தான் ஹல்காரன் ஆனேன்.

பழைய_டிரான்சிஸ்டர்

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. விழாவுக்கு முந்தைய வாரங்களில் ஊர் இளைஞர்களுக்கு ஒலிப்பதிவு, நிகழ்ச்சித் தயாரிப்பு, இசைத் தொழில் பற்றிப் பயிற்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள். ஹாக்னி, கிளாஸ்கோ, நாரிச்சில் எல்லாம் "அகாடமி" என்ற பெயரில் நடந்தது. மூன்று நாள் பாட்டு காற்றோடு போய்விடும். ஒரு பிள்ளை ஒலிபரப்பு வண்டிக்குள் ஏறிப் பார்த்தது போகாது. விழாவை மதிப்பிடும்போது என் கணக்கில் இதுதான் முதலில் வரும்.

ஒலிமேசை

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. கூடவே பிபிசி இன்ட்ரட்யூசிங் மேடை. தங்கள் பாட்டைத் தாங்களே பதிவேற்றிய புதியவர்களை அங்கே ஏற்றுகிறார்கள். பகலில் அந்தப் பக்கம் கூட்டம் குறைவாக இருக்கும், ஆனால் முன் வரிசையில் அத்தனையும் சொந்தபந்தம். ஒரு பெண் கிட்டாரோடு ஏறுகிறாள், கீழே அவளுடைய தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். உள்ளூர் ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த முன் வரிசை எப்படி அமையும்?

பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு ஒன்று: காதடைப்பான் அவசியம். பஞ்சு போதாது, தலைமேல் மாட்டும் வகை வாங்குங்கள். மேடைக்கு இரு பக்கமும் தொங்கும் பெட்டிகளுக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். நடுவில் இருக்கும் ஒலிமேசைக் கூடாரத்துக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். அங்கே ஒலி சமமாக இருக்கும், நாங்கள் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள்.

குரோய்டன்காரன்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மெல்பன் மாமா சொன்னதுதான் எனக்கு ஒத்துவருகிறது. உள்ளூர் ஒதுக்கீடு இருக்கட்டும். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வெளிப்படையாகச் சொல்லட்டும், ஊர்கள் கேட்டு எழுத ஒரு வழி வைக்கட்டும். அப்புறம், இப்போது காசு வாங்குகிறார்கள் அல்லவா, அது ஏறிக்கொண்டே போகக் கூடாது. விலை ஏறினால் உள்ளூரிலும் வசதியுள்ளவர் மட்டும்தான் உள்ளே போவார், நீங்கள் எல்லோரும் சொன்ன காரணம் அதோடு போய்விடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லூட்டன்_அம்மா

விலை விஷயத்தில் நான் உன் பக்கம் தம்பி. எங்கள் தெருவிலேயே மூன்று பிள்ளைகள் இருக்கும் ஒரு வீட்டில், ஒருவரை மட்டும் அனுப்ப முடியாது என்று யாரையுமே அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்துச் சுவர்மேல் உட்கார்ந்து கேட்டார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தபோது பாட்டு வந்தது, திரும்பியபோது நின்றது.

டண்டீ அக்கா, விலங்குகள் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பூனை மூன்று நாளும் துணி அலமாரிக்குள்தான் இருந்தது.

என் பெண் இதையெல்லாம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். ஒலிமேசை அண்ணாவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள்: அந்த ஒலிபரப்பு வண்டியில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் என்ன படிக்க வேண்டும்? இயற்பியல் எடுத்திருக்கிறாள், இசை எடுக்கவில்லை. அது போதுமா?

ஒலிமேசை

இயற்பியல் நல்ல தொடக்கம். இசைப் பாடம் கட்டாயம் இல்லை, காதுதான் முக்கியம். வாரக் கடைசியில் ஏதாவது ஒரு கோயில் விழாவிலோ பள்ளி நாடகத்திலோ கேபிள் சுற்றச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அங்கிருந்துதான் வந்தோம். கேபிளை முழங்கையில் சுற்றக் கூடாது, உள்ளே முறுக்கு விழும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக. தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், படம் வரைந்து காட்டுகிறேன்.